பாலர் வகுப்பில் வண்டிப் பாடம்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

எங்களுக்கு முன் பேசியோர் உயர்கல்வியைப் பற்றியும், உதவித்தொகையைப் பற்றியும், அரசுப் பணித் தேர்வுகளைப் பற்றியும் விரிவாக எடுத்துரைத்தார்கள். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட பொருளோ மிகச் சிறியது. மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள நம் பிள்ளைகளுக்கு 'வண்டிகளும் வழிகளும்' என்னும் பாடத்தை எவ்வாறு நடத்துகிறோம் என்பதே அது. பட்டதாரிகள் நிறைந்த இவ்வவையில் நுங்கு வண்டியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதோடு நில்லாமல் வெளிப்படையாகக் கேட்டவரும் உண்டு. அவரிடமிருந்தே தொடங்குகிறோம்.

சென்ற ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்தார். "பக்கத்து ஊர் ஆங்கிலப் பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளை ஏ முதல் இசட் வரை எழுதுகிறது. நம் பள்ளியில் டயர் ஓட்டுகிறது. டயர் ஓட்டுவதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? நாங்கள் எல்லோரும் பள்ளிக்குப் போகாமல் அதைத்தானே செய்துகொண்டிருந்தோம்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. எழுத்து மறுக்கப்பட்டவர்களின் வழிவந்த ஒருவர், தம் பிள்ளைக்கு எழுத்து எப்போது வரும் என்று கேட்பதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. அன்று அவருக்கு நாங்கள் சொன்ன விடை அரைகுறையானது. இன்று முழு விடையைச் சொல்ல முயல்கிறோம்.

முதலில் ஓர் எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். விளையாட்டு வழியாகக் கற்பிப்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது, ஏழைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமே போதும் என்று பலர் கருதுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. இன்று பெருநகரங்களில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு நடத்தப்படும் பல பள்ளிகள் தம் பெயர்ப் பலகையில் எழுதிவைத்திருக்கும் மரியா மாண்டிசோரி அம்மையார், தம் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907ஆம் ஆண்டு ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் படிக்கட்டுகளில் திரிந்துகொண்டிருந்த பிள்ளைகளே அவருடைய முதல் மாணவர்கள். அவர் 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மகாராட்டிரத்தில் தாராபாய் மோடக் அம்மையார் 1945இல் போர்டி என்னும் ஊரில் பாலர் கல்விப் பணியைத் தொடங்கியபோது, பள்ளிக்கு வராத ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைத் தேடி அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அங்கணம் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல்லின் வேர் அந்த முற்றத்தில் இருக்கிறது. ஆகவே விளையாட்டுக் கல்வியை நாம் எவரிடமும் இரவல் வாங்கவில்லை. நம்மைப் போன்றோருக்காகத் தொடங்கப்பட்டதையே திரும்பக் கேட்கிறோம்.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

பாலர் பள்ளிகளில் மாதத்துக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டு பாட்டு, கதை, படம், விளையாட்டு அனைத்தையும் அப்பொருளைச் சுற்றியே அமைக்கும் முறை உண்டு. வண்டிகள் அவ்வாறான பொருள்களுள் ஒன்று. கடையில் விற்கும் வண்ணப் படத்தாளில் ஆகாய விமானம், கப்பல், மோட்டார் கார், எலிகாப்டர் எல்லாம் இருக்கும். அதைச் சுவரில் மாட்டிப் பிரம்பால் தொட்டுத் தொட்டுச் சொல்லச் செய்தால் ஒரு வாரத்தில் பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் நாங்களும் அப்படித்தான் செய்தோம். எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் எவரும் விமானத்துக்குள் ஏறியதில்லை. ஆனால் அதன் ஆங்கிலப் பெயரை எல்லோரும் சொன்னார்கள். தெருவில் நாள்தோறும் வந்துபோகும் மீன்பாடி வண்டிக்கும் டிராக்டருக்கும் அந்தத் தாளில் இடம் இல்லை. அதைக் கழற்றிவைத்துவிட்டு, பிள்ளைகளைத் தெரு முனை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, அரை மணி நேரத்தில் எத்தனை வண்டி போகிறது என்று பார்க்கச் சொன்ன நாளிலிருந்துதான் எங்கள் பாடம் தொடங்கியது எனலாம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு புளியங்கொட்டை: இரண்டு சக்கர வண்டிக்கு ஒரு கொட்டாங்கச்சியில், மூன்று சக்கரத்துக்கு வேறொன்றில், நான்கு சக்கரத்துக்கு இன்னொன்றில். எண்ணுதலும், வகைப்படுத்தலும், கூட, குறைய என்னும் அறிவும் ஒரே மரத்தடியில் கிடைத்தன. (புளியங்கொட்டையைக் கையாளும்போது மூன்று வயதுப் பிள்ளைகளின்மேல் கண் இருக்க வேண்டும். அவர்கள் கொட்டையைப் போட விரும்பும் முதல் இடம் மூக்கு. இது எங்கள் அனுபவம்.)

சக்கரம் ஏன் உருள்கிறது என்பதை நான்கு வயதுப் பிள்ளைக்கு வாயால் விளக்க முடியாது; கையால் முடியும். ஒரு பலகையின்மேல் நான்கு செங்கல்லை அடுக்கிக் கயிற்றால் இழுக்கச் சொல்கிறோம். நகராது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தால் சற்றே நகரும். பிறகு பலகையின் அடியில் வழவழப்பான மூங்கில் துண்டுகளைக் குறுக்கே வைக்கிறோம். ஒரே பிள்ளை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பின்னால் விடுபட்டுப்போகும் மூங்கிலை இன்னொரு பிள்ளை எடுத்து முன்னால் வைக்க வேண்டும். இந்த ஓட்டத்தில் அவர்கள் அடையும் மகிழ்ச்சிக்கு ஈடாக எந்தக் கடைப் பொம்மையையும் நாங்கள் கண்டதில்லை. அடுத்த நாள் சதுரமாக வெட்டிய அட்டையையும் வட்டமாக வெட்டிய அட்டையையும் குச்சியில் கோத்து உருட்டிப் பார்க்கிறோம். கோடையில் நுங்கு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நுங்கு தின்றபின் எஞ்சும் இரண்டு காய்களை ஒரு குச்சியால் இணைத்துக் கவட்டைக் கொம்பால் தள்ளினால் வண்டி. இணைக்கும் குச்சிக்கு அச்சு என்று பெயர் சொல்லிக் கொடுக்கிறோம். ஊரில் எஞ்சியிருக்கும் மாட்டு வண்டியைக் காட்டி நுகத்தடி, ஆரக்கால், குடம், கடையாணி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லச் செய்கிறோம். இச்சொற்கள் நம் பாட்டன்மார் நாவில் இருந்தவை. அவ்வண்டிகளைப் பூட்டியும் ஏற்றியும் இறக்கியும் உழைத்தவர்கள் அவர்கள். டயர் ஓட்டுவது பற்றிக் கேட்ட தந்தையாருக்கு இவ்விடத்தில் விடையின் ஒரு பாதி: அவர் ஓட்டிய அதே டயர்தான், ஆனால் அவருக்குப் பக்கத்தில் நின்று, "அது ஏன் நிற்காமல் ஓடுகிறது, எப்போது சாய்கிறது?" என்று கேட்க ஒருவர் இல்லை. அவர் பிள்ளைக்கு உண்டு.

இரயில் வண்டி நம் பகுதிக்கு அயலானதன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு நம் அரக்கோணம் வழியாகத்தான் ஓடியது. கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்கு வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து நம் முன்னோர் குடும்பம் குடும்பமாகப் போனதும் இரயில் ஏறித்தான். ஆகவே தீப்பெட்டிகளை நூலில் கோத்து இரயில் செய்யும்போது, எந்தப் பெட்டியில் யார் போகிறார், எங்கே போகிறார் என்று பிள்ளைகளே கதை கட்டுவார்கள். பெரும்பாலும் யாராவது ஒரு மாமா வேலைக்குப் போவார். பெட்டிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதோடு முதல் பெட்டி, கடைசிப் பெட்டி, நடுப்பெட்டி என்னும் வரிசைச் சொற்களும் தாமாக வந்துவிடுகின்றன.

ஒரு நாள் பணி ஓய்வு பெற்ற இரயில்வே கீமேன் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்தோம். நம் தெருக்காரர், இந்தச் சபையிலும் இருக்கிறார். நாள்தோறும் தன் பகுதித் தண்டவாளம் முழுவதையும் நடந்தே பார்த்து, தளர்ந்திருக்கும் சாவிகளைச் சுத்தியலால் அடித்து இறுக்குவது அவர் வேலையாக இருந்தது. சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் கொண்டுவந்து காட்டினார். "தாத்தா கொடி காட்டினா அவ்வளவு பெரிய இரயில் நிக்குமா?" என்று ஒரு பையன் கேட்டான். "நிக்கும்டா. நிக்காம போக முடியாது" என்றார் அவர். அன்று முதல் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஓட்டுநர் ஆவதைவிடக் கொடி காட்டுபவர் ஆவதிலேயே ஆசை மிகுந்தது. அவர் சொல்லக் கேட்டே சுண்ணக்கட்டியால் தரையில் உண்மை அளவில் தண்டவாளம் வரைந்தோம். அகன்ற பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1.676 மீட்டர். பிள்ளைகள் பாதத்தோடு பாதம் ஒட்டவைத்து அளந்தபோது பத்துப் பாதத்துக்கு மேல் வந்தது. ஆசிரியைக்கு ஏழு பாதம். "டீச்சருக்கு மட்டும் ஏன் தண்டவாளம் சின்னதாச்சு?" என்ற கேள்விக்கு விடை காண்பதற்கே ஒரு காலைப்பொழுது போயிற்று; போனதில் வருத்தமில்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வரைந்த தண்டவாளத்தின்மேல் பிள்ளைகளை உட்காரவோ படுக்கவோ விடுவதில்லை. மெய்யான இருப்புப்பாதை நம் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. விளையாட்டில் பழகுவதுதான் வெளியிலும் வரும்.

அவ்வாறு வெளியில் பழகியது விளையாட்டுக்குள் வந்த ஒரு செய்தியை இப்போது சொல்லப் போகிறோம். நாங்கள் இம்மேடைக்கு வந்ததே இதைச் சொல்வதற்குத்தான்.

பேருந்து விளையாட்டை நீங்கள் அறிவீர்கள். சிறு நாற்காலிகளை இரண்டிரண்டாக வரிசைப்படுத்தி, முன்னால் ஒரு பிள்ளையை ஓட்டுநராகவும், பைபோட்ட ஒரு பிள்ளையை நடத்துநராகவும் அமர்த்தினால் பேருந்து புறப்பட்டுவிடும். பிள்ளைகள் அடித்துப் பிடித்து இடம்பிடிப்பார்கள். ஆனால் ஒரு நான்கு வயதுச் சிறுமி மட்டும், நாற்காலிகள் காலியாக இருந்தபோதும், பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பயணம் செய்தாள். ஒரு நாள் அன்று, நாலைந்து நாள். "உட்காரம்மா, இடம் இருக்கிறதே" என்றால் தலையை ஆட்டிவிட்டு நின்றாள். கூச்சம் என்று நினைத்தோம். பிறகு ஒருநாள் அருகில் அமர்ந்து கேட்டபோது, "ஆயா நின்னுதான் வரும்" என்றாள்.

அவளுடைய ஆயாவிடம் போய்க் கேட்டோம். அவர் சிரித்தார். இளவயதில் பக்கத்து ஊர் நிறுத்தத்தில் பேருந்து ஏறும்போது, தாம் கூலிக்குப் போகும் நிலத்துக்காரர் வீட்டார் யாரேனும் வண்டியில் இருந்தால் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் மறுநாள் வேலை இருக்காது. "இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்லம்மா. இடமும் இருக்குது. ஆனா காலுக்குப் பழகிப்போச்சு. ஏறினா கம்பியைத்தான் பிடிக்குது" என்றார். பேத்தி அவரோடுதான் சந்தைக்குப் போய்வருவாள். யாரும் அவளுக்கு நிற்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்தாள், கற்றுக்கொண்டாள். மூன்று தலைமுறைக்கு முந்தைய கட்டளை ஒன்று, கட்டளையிட்டவர்கள் மறைந்தபின்னும், எங்கள் பாலர் வகுப்பின் நாற்காலிப் பேருந்தில் பயணம் செய்துகொண்டிருந்தது.

இளைஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். வண்டியும் வழியும் நமக்கு எளிதில் கிடைத்தவையல்ல. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி சொந்தமாக வில்வண்டி வாங்கி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றபோது, அது ஒரு புரட்சியாகவே கருதப்பட்டுத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 1901ஆம் ஆண்டு, ஒன்பது வயது அளவில், அண்ணல் அம்பேத்கர் தந்தையாரைக் காணத் தம் உடன்பிறந்தாரோடு மசூர் இரயில் நிலையத்தில் இறங்கிக் கோரேகாவுக்குப் போக வண்டி தேடினார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள, வண்டிக்காரர் கூடவே நடந்துவர ஒப்புக்கொண்ட பின்னரே அவர்கள் புறப்பட முடிந்தது. வழியில் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கவில்லை. நம் மாநிலத்தில், பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்க எவருக்கும் தடையில்லை என்பதற்கே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. மோட்டார் பேருந்துகள் வந்தபோது நம்மவரை ஏற்ற மறுத்தனர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்ட பின்னரே அங்குக் கதவு திறந்தது. இவையெல்லாம் பழங்கதை என்பீர்களாயின், 1997ஐ நினைவுகூருங்கள். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு சூட்டியது. அப்பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று கலவரம் மூண்டது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு நீக்கியது. அன்று பிறந்தவர்கள் இன்று இந்த அரங்கில் இளைஞர்களாக அமர்ந்திருக்கிறீர்கள்.

இவ்வரலாற்றை நான்கு வயதுச் சிறுமிக்குச் சொல்ல வேண்டுமா என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. சொல்ல வேண்டும் என்றார் ஓர் ஆசிரியை; எந்த வயதிலும் உண்மை உண்மைதானே என்பது அவர் வாதம். நாங்கள் பெரும்பான்மையோர் உடன்படவில்லை. அம்பேத்கரின் வண்டிப் பயணத்தை மாலை வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர்கள் சினம் கொள்வார்கள், கேள்வி கேட்பார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கோ இழிவு என்ற ஒன்று இருப்பதையே நாம் முதன்முதலில் சொன்னவர்கள் ஆகிவிடுவோம். அவளுக்கு வேண்டியது கதையன்று, இருக்கை. ஆகவே விளையாட்டின் விதியை மாற்றினோம். எல்லோரும் உட்கார்ந்தபின்தான் நடத்துநர் விசில் ஊதலாம். ஒருவர் நின்றாலும் வண்டி புறப்படாது. முதல் நாள் வண்டி நெடுநேரம் புறப்படவில்லை. பொறுமையிழந்த பிள்ளைகள், "உக்காரு, உக்காரு, வண்டி கிளம்பணும்!" என்று கூவினார்கள். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சில நாள் கழித்து அவளையே ஓட்டுநர் ஆக்கினோம். ஆயாவையும் அழைத்துப் பயணியாக அமரவைத்தோம். பேத்தி திரும்பிப் பார்த்து, ஆயா உட்கார்ந்துவிட்டாரா என்று உறுதிசெய்துகொண்டு வண்டியை எடுத்தாள். பிறகு மெய்யான பேருந்தில் எல்லோரையும் அழைத்துச் சென்றோம். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; ஐந்து வயது நிறையாத பிள்ளைகளுக்கும் கட்டணம் இல்லை என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ஆதலின் தாய்மாரும் பிள்ளைகளும் ஆசிரியைகளும் ஏறிய அந்தச் சுற்றுலாவால் கழகத்துக்கு ஏறத்தாழ ஒரு செலவும் இல்லை என்பதைப் பொருளாளர் குறித்துக்கொள்ளலாம். அந்தச் சிறுமி சன்னலோரம் அமர்ந்து என்ன சொன்னாள் என்று கேட்பீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மடியில் ஏறித் தூங்கிவிட்டாள்.

எழுத்து எங்கே என்று கேட்ட தந்தையாருக்கு விடையின் மறு பாதி அந்தப் பேருந்தின் நெற்றியில் இருக்கிறது. நம் தாய்மாரில் பலர் இன்றும் நிறுத்தத்தில் நின்று, "இது எங்கே போகுது?" என்று அடுத்தவரைக் கேட்டே ஏறுகிறார்கள். எங்கள் நாற்காலிப் பேருந்துக்கு நான்கு பலகைகள் உண்டு: அரக்கோணம், திருத்தணி, சோளிங்கர், காஞ்சிபுரம். ஒவ்வொரு நாளும் ஓட்டுநர் ஒரு பலகையை எடுத்து மாட்ட வேண்டும். பயணிகள் அதைப் பார்த்தே ஏற வேண்டும். தவறான வண்டியில் ஏறியவரை நடத்துநர் இறக்கிவிடுவார். எழுத்து தெரியாத பிள்ளை முதலில் சொல்லின் முழு உருவத்தை அடையாளம் காண்கிறது. சில வாரங்களில், 'காஞ்சிபுரம்' பலகையில் உள்ள 'கா' தன் தோழி காவேரியின் பெயரிலும் இருப்பதைத் தானே கண்டுபிடிக்கிறது. அந்தக் கண்டுபிடிப்பு நிகழும் கணத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள், நூறு முறை எழுதவைக்கும் தண்டனையை மீண்டும் விரும்பமாட்டார்கள். பழைய பயணச்சீட்டுகளைச் சேர்த்துப் பத்துப் பத்தாகக் கட்டுவது எண் பாடம். நோயாளர் ஊர்தி விளையாட்டில் 1, 0, 8 என்னும் மூன்று இலக்கங்களும் வரிசை மாறாமல் மனத்தில் நிற்க வேண்டும்; அது பாடத்துக்கு மட்டும் பயன்படும் எண் அன்று. இந்த ஆண்டு வகுப்பைவிட்டுச் சென்ற பிள்ளைகளில் ஒருவன், சந்தை நாளில் தன் பாட்டியிடம், "இது சோளிங்கர் வண்டி, ஏறாதே" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தானாம். அவன் வேறு யாருடைய மகனுமல்லன். கூட்டத்தில் கேள்வி கேட்டாரே, அவருடைய மகன்தான்.

எல்லாம் வெற்றி என்று நீங்கள் எண்ணிவிடாதிருக்க, எங்களைத் திருத்திய நிகழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். தெருவில் கண்ட வண்டிகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, "குப்பை வண்டி! எங்க அம்மா வண்டி!" என்றான். பாட்டுப் பாடிக்கொண்டு வரும் மின்கல வண்டி. அதில் தூய்மைப் பணியாளராக அவன் தாய் செல்கிறார். அவன் பெருமையோடுதான் சொன்னான். ஆனால் இரண்டு மூன்று பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், நம் பிள்ளைகள்தாம். உழைப்பின் உயர்வைக் கற்பிக்க இதுவே தருணம் என்று கருதி, கீமேன் பெரியவரை அழைத்ததுபோல அந்தத் தாயையும் வண்டியோடு வகுப்புக்கு அழைக்கப் போனோம். அவர் வர மறுத்துவிட்டார். "படத்துல போடுங்க டீச்சர், வேணாங்கல. ஆனா நான் வந்து பேச மாட்டேன். என் பிள்ளைக்கு இந்த வண்டி வேணாம்னுதான் உங்ககிட்ட அனுப்பறேன்" என்றார். நாங்கள் பேசாமல் திரும்பினோம். அவர் சொன்னதே சரி என்று இன்று கருதுகிறோம். தொழிலின் பெருமை பற்றிப் பேசுவது, அத்தொழிலைச் செய்யாதவர்களுக்கு மிக எளிது. பிறப்பால் ஒரு வேலையை ஒரு மக்கள்மேல் சுமத்தி வைத்திருக்கும் நாட்டில், அவ்வேலையின் உயர்வை அம்மக்களின் பிள்ளைகளுக்கு மட்டும் கற்பிப்பது எங்கே கொண்டுபோய் விடும்? எனவே குப்பை வண்டியை எங்கள் சுவர்ப் படத்தில் தீயணைப்பு வண்டிக்கும் நோயாளர் ஊர்திக்கும் நடுவில் வரைந்தோம். அது வராவிட்டால் தெரு என்னாகும் என்று எல்லாப் பிள்ளைகளையும் சொல்லச் செய்தோம். விளையாட்டில் எந்த வண்டியையும் எந்தப் பிள்ளையும் தொடர்ந்து இரண்டு நாள் ஓட்டக் கூடாது என்று விதி வைத்தோம். மூக்கைப் பொத்திய பிள்ளைகளும் அதை ஓட்டினார்கள். அந்தப் பையன் இரயில் ஓட்டினான், படகும் விட்டான்.

படகு என்றதும் தண்ணீர்த் தொட்டி நினைவுக்கு வருகிறது. பாக்குமட்டை, கொட்டாங்கச்சி, வாழைத்தண்டு, கல், ஆணி, காகிதக் கப்பல் ஆகியவற்றில் எது மிதக்கும், எது மூழ்கும் என்று முதலில் ஊகித்துப் பின் விட்டுப் பார்க்கும் விளையாட்டு அது. ஒரே தொட்டியில் எல்லாக் கைகளும் நனையும். அதைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இறுதியாக இளைஞரணியினரிடம் ஒரு செய்தியும் சில வேண்டுகோள்களும். வகுப்பில் ஒரு மணல் தட்டு இருக்கிறது. பிள்ளைகள் அதில் நம் தெருவையும், பள்ளியையும், ஊரையும், பெரிய சாலையையும் வரைந்து தீப்பெட்டிப் பேருந்தை ஓட்டுகிறார்கள். மெய்யான பேருந்து நிறுத்தம் ஊருக்குள் இருக்கிறது. நம் தெரு முனையில் வண்டி நிற்பதில்லை. மழைக்காலத்தில் கைக்குழந்தையோடு தாய்மார் அவ்வளவு தூரம் நடக்கிறார்கள். பிள்ளைகளோ மணலில் நிறுத்தத்தை நம் தெரு முனையில்தான் நட்டிருக்கிறார்கள். அது தவறு என்று திருத்த எங்களுக்கு மனம் வரவில்லை. தெரு முனையில் நிறுத்தம் வேண்டி நீங்கள் கொடுத்த விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று அடுத்த பொதுக்குழுவில் தெரிவிக்க வேண்டுகிறோம்.

மற்றவை சிறிய பொருள்கள். பழைய மிதிவண்டி டயர் ஆறு வேண்டும். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிராதவையாகப் பார்த்துக் கொடுங்கள். வழவழப்பான மூங்கில் துண்டுகள் பத்து. ஊர்ப்பலகைகள் நான்கும் வண்ணம் உரிந்துவிட்டன; நல்ல கையெழுத்து உள்ளவர் யாரேனும் பெரிய எழுத்தில் மீண்டும் எழுதித் தர வேண்டும், 'சோளிங்கர்' என்பதில் பிழையில்லாமல். சனிக்கிழமை காலையில் இரண்டு இளைஞர்கள் வந்து பிள்ளைகளோடு சாலை கடக்கும் பயிற்சியில் துணை நின்றால் உதவியாக இருக்கும். பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாயிலருகே எங்களைக் காணலாம்.